பாரிசுக்குப் போன புதுச்சேரிக் கலவா

இந்த முறை ஒரு மீனின் கதை. மீன் என்றதும் குழம்பு வைக்கும் முறை என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது வரலாறு. அதுவும் நம் கரையிலிருந்து தொடங்கும் வரலாறு.

எங்கள் ஊர் குயிலாப்பாளையம். செம்மண் மேடும் முந்திரிக்காடும் உள்ள ஊர். கிழக்கே இறங்கி நடந்தால் கடல் வந்துவிடும். ஆனாலும் நாங்கள் கடல்காரர்கள் இல்லை. எங்கள் வீட்டில் மீன் என்றால் சங்கரா, நெத்திலி, கவளை, விருந்து வந்தால் வஞ்சிரம். அவ்வளவுதான் எங்கள் மீன் அறிவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பனோடு பொம்மையார்பாளையம் கரைக்குப் போயிருந்தேன். ஒரு அக்காவின் கூடையில் தக்காளிப்பழம் போலச் சிவந்த ஒரு மீன் கிடந்தது. தடித்த உதடு, பெரிய வாய், தலை முழுக்க நெருக்கமாகச் சிவப்புப் பொட்டுகள்.

"அக்கா, இது என்ன மீன்?"

"கலவா கண்ணு. இதுகூடத் தெரியாதா? செவப்புக் கலவா. பாருல கெடக்கும்."

பார் என்றால் கடலுக்கு அடியில் உள்ள பாறைத் திட்டு. ஒரே வாக்கியத்தில் மீனின் பெயர், நிறம், அது வாழும் இடம் மூன்றையும் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அதன் அறிவியல் பெயரைத் தேடினேன். செபலோபோலிஸ் சொன்னராட்டி. பெயர் வைக்கப்பட்ட ஆண்டு 1828. எந்த ஊர் மீனைப் பார்த்து முதன்முதலில் விவரித்தார்கள் என்ற இடத்தில் இருந்த பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். புதுச்சேரி!

ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரை வாழும் ஒரு மீன். அதற்கு உலகம் முழுவதும் வழங்கும் பெயர் நம் பக்கத்து ஊர் மீனை வைத்து எழுதப்பட்டிருக்கிறது. சரி, அந்தப் பெயரில் இருக்கும் சொன்னரா யார்? அங்கிருந்துதான் இந்தத் தேடல் தொடங்கியது.

யார் இந்த சொன்னரா?

பியேர் சொன்னரா 1748-ல் பிரான்சின் லியோன் நகரில் பிறந்தவர். ஓவியம் வரையத் தெரிந்த இயற்கை ஆய்வாளர். 1774 முதல் 1781 வரை இந்தியா, சீனா முதலிய நாடுகளில் சுற்றிவிட்டு, 1782-ல் தன் பயணத்தைப் பெரிய நூலாக வெளியிட்டார். சோழமண்டலக் கரையின் மக்கள், தொழில்கள், கோயில்கள், வழிபாடுகள், செடிகொடிகள், பறவைகள் என்று எல்லாவற்றையும் படத்தோடு எழுதியிருக்கிறார். பிறகு மறுபடியும் இந்தியா வந்தார். 1793-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அவர்கள் கையில் சிக்கினார். நெடுங்காலம் கழித்துத்தான் பிரான்சுக்குத் திரும்ப முடிந்தது. 1814-ல் பாரிசில் இறந்தார்.

இவர் பெயர் மீனில் மட்டும் இல்லை. நம் காடுகளில் உள்ள சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரிலும் சொன்னரா இருக்கிறார். பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகளில் வளரும் ஒரு மரப் பேரினத்துக்கே சொன்னராஷியா என்று பெயர்.

ஆனால் இவர் சொன்னதையெல்லாம் அப்படியே நம்பிவிடக் கூடாது. நியூகினியில் பென்குவின் இருக்கிறது என்று எழுதியவர் இவர்! வெப்ப நாடான நியூகினியில் பென்குவின் ஏது? அவர் நியூகினி மண்ணில் கால் வைக்கவே இல்லை என்கிறார்கள். ஆனால் அவர் எழுதியதை நம்பி, தென்கடல் பென்குவின் ஒன்றுக்கு 'பாப்புவா' என்று பெயர் வைத்தார்கள். இன்றுவரை அந்தப் பெயர் மாறவில்லை. அறிவியல் பெயர் என்பது ஒருமுறை அச்சில் ஏறிவிட்டால் லேசில் இறங்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

பாரிசில் ஒரு மீன் கணக்கெடுப்பு

மீனுக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் சொன்னரா அல்ல. பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஜார்ஜ் குவியே என்ற பெரிய விலங்கியலாளர் இருந்தார். அவரும் அவர் மாணவர் அஷில் வலான்சியனும் உலகத்தில் உள்ள மீன்களையெல்லாம் ஒரே நூலில் அடக்கிவிட வேண்டும் என்று கிளம்பினார்கள். முதல் தொகுதி 1828-ல் வந்தது. குவியே 1832-ல் இறந்துபோனார். வலான்சியன் தொடர்ந்து எழுதினார். 1849-ல் நின்றபோது மொத்தம் 22 தொகுதிகள்!

இரண்டு பேர் பாரிசில் உட்கார்ந்துகொண்டு உலக மீன்களை எப்படி எழுத முடியும்? பிரெஞ்சுக் கப்பல்கள் போன இடங்களிலிருந்தெல்லாம் மீன்கள் சாராயத்தில் ஊறிக்கொண்டு பாரிசுக்குப் போயின. அப்படி மீன் போன துறைகளில் முக்கியமான ஒன்று புதுச்சேரி. நெப்போலியன் போர்கள் முடிந்து 1816-ல் புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அதே ஆண்டு லெஷெனோ த லா தூர் என்ற தாவரவியலாளர் இங்கே வந்தார். தாவரவியல் பூங்காவைப் பார்த்துக்கொண்டே, செடிகளோடு மீன்களையும் பாரிசுக்கு அனுப்பினார். குவியேயின் நூலைப் புரட்டினால் புதுச்சேரியும் லெஷெனோவும் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான்.

நம் சிவப்புக் கலவாவை 1828-ல் விவரித்தவர் வலான்சியன். அன்று அதற்கு அவர் வைத்த பெயர் செர்ரானஸ் சொன்னராட்டி. அந்தக் காலத்தில் கலவா வகை எல்லாவற்றையும் செர்ரானஸ் என்ற ஒரே மூட்டையில் கட்டி வைத்திருந்தார்கள். பிற்காலத்தில்தான் மூட்டையைப் பிரித்தார்கள். பிரிப்பதற்கு ஒரு எளிய அடையாளம் முதுகுத் துடுப்பின் முள். முள் 9 இருந்தால் செபலோபோலிஸ் போன்ற பேரினங்கள். 11 இருந்தால் பெரும்பாலும் எபினெபெலஸ். அடுத்த முறை கலவா வாங்கும்போது எண்ணிப் பாருங்கள். குத்திக்கொண்டால் நான் பொறுப்பல்ல!

அதற்கும் முன்னால் தரங்கம்பாடி

புதுச்சேரிக்கு முன்பே இந்த வேலை இன்னொரு ஊரில் தொடங்கிவிட்டது. அது தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை டென்மார்க்காரர் கையில் இருந்த ஊர். சீகன்பால்கு அச்சகம் வைத்த ஊர் என்று பள்ளியில் படித்திருப்போம்.

அங்கே 1771-ல் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மானிய மதபோதகர் வந்து சேர்ந்தார். 1813-ல் சாகும் வரை அங்கேயே இருந்தார். ஊழியம், பள்ளிக்கூடம் போக மீதி நேரத்தில் சிப்பி, பாம்பு, மீன் என்று சேகரித்தார். மீன்களைப் பெர்லினில் இருந்த மார்க்கஸ் எலியேசர் பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பினார். பிளாக் சாதாரண ஆள் இல்லை. 1782 முதல் 1795 வரை 12 தொகுதிகள், 432 வண்ணப் படங்கள் என்று மீன் நூல் வெளியிட்டவர். நன்றிக்கடனாக ஒரு மீன் பேரினத்துக்கே ஜானியஸ் என்று பெயர் வைத்தார். நாம் கத்தலை என்று சொல்லும் மீன்களில் ஒரு கூட்டத்துக்கு இன்றும் அதுதான் பெயர்.

பிளாக் 1799-ல் இறந்த பிறகு ஷ்னைடர் என்ற அறிஞர் மீதியை முடித்து 1801-ல் வெளியிட்டார். நாம் பார்த்த செபலோபோலிஸ் என்ற பேரினப் பெயர் பிறந்தது அந்த நூலில்தான். அதே நூலில் தரங்கம்பாடியிலிருந்து போன ஒரு பெரிய கலவாவும் இருக்கிறது. இன்று அதன் பெயர் எபினெபெலஸ் மலபாரிகஸ்.

இங்கே ஒரு கேள்வி. தரங்கம்பாடி கிழக்குக் கரை, மலபார் மேற்குக் கரை. கிழக்குக் கரை மீனுக்கு மலபார் பெயர் எப்படி வந்தது? அன்றைய ஐரோப்பியர், அதிலும் தரங்கம்பாடிப் பாதிரியார்கள், தமிழையே 'மலபார் மொழி' என்றுதான் எழுதினார்கள். தமிழர்கள் அவர்களுக்கு 'மலபாரிகள்'. ஆக அந்தப் பெயரை 'தமிழ்நாட்டுக் கலவா' என்று படித்தாலும் தவறில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் உலகச் சந்தையில் அது மலபார் மீனாகவே விற்கிறது.

தோற்றுப்போன விராலும் குரவையும்

ஜான் மீனை மட்டும் அனுப்பவில்லை. கரையில் என்ன பெயர் சொல்கிறார்கள் என்பதையும் எழுதி அனுப்பினார். பிளாக் ஒரு கத்தலைக்கு 1793-ல் வைத்த பெயர் ஜானியஸ் கருட்டா. இந்தக் 'கருட்டா' என்ன மொழி? லத்தீன் அகராதியில் தேட வேண்டாம். நம் 'கருத்த கத்தலை'தான் அது! முதல் பாதியில் பாதிரியார் பெயர், இரண்டாம் பாதியில் மீனவர் பேச்சு. அந்தப் பெயர் இன்றும் செல்லும்.

விராலுக்கும் குரவைக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவற்றையும் பிளாக்தான் 1793-ல் விவரித்தார். விராலுக்குக் கோடு போட்டது என்ற பொருளிலும் குரவைக்குப் புள்ளி வைத்தது என்ற பொருளிலும் லத்தீன் பெயர் வைத்தார். 1801-ல் பிரெஞ்சுக்காரர் லாசெபேத் அதே மீன்களுக்கு 'ரால்' என்பது போலவும் 'கருவே' என்பது போலவும் பெயர் எழுதினார். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். விரால், குரவை! தமிழ்ச் சொற்கள் ஐரோப்பிய எழுத்தில் சிதைந்து நிற்கின்றன. ஆனால் அறிவியலில் முதலில் அச்சான பெயருக்குத்தான் உரிமை. எட்டு ஆண்டு பிந்தியதால் விராலும் குரவையும் செல்லாத பெயர்ப் பட்டியலுக்குப் போய்விட்டன.

விசாகப்பட்டினத்தில் வேறு கதை

நம் கரைக்கு வடக்கே விசாகப்பட்டினத்தில் பேட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளர். பாம்புகளைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றவர். விசாகப்பட்டினத்தில் சேகரித்த இருநூறு மீன்களைப் பற்றிய அவர் நூல் 1803-ல் வெளிவந்தது. அதில் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். மீன்களைத் தெலுங்கு மீனவர் சொன்ன பெயராலேயே குறித்தார். ஒரு கலவாவுக்கு 'ரதி பொந்து' என்பது போல ஒரு பெயர்.

ஆனால் முறையான இரட்டை லத்தீன் பெயர் வைக்கவில்லை. விளைவு? இங்கிலாந்தில் உட்கார்ந்திருந்த ஜார்ஜ் ஷா என்பவர் ரஸ்ஸலின் படத்தை வைத்து 1812-ல் அந்தக் கலவாவுக்கு 'பார்மோசா' என்று பெயர் சூட்டினார். அழகானது என்று பொருள். அழகான பெயர்தான். ஆனால் மீனவர் சொன்ன பெயரும் போயிற்று, கடற்கரையில் நின்று சேகரித்த ரஸ்ஸலின் பெயரும் போயிற்று.

செங்கடலில் ஜெயித்த மீனவர்கள்

அப்படியானால் மீனவர் வைத்த பெயர் எங்குமே ஜெயிக்கவில்லையா? கலவாக்களிலேயே ஜெயித்திருக்கிறது. அதற்குச் செங்கடலுக்குப் போக வேண்டும்.

1761-ல் டென்மார்க் அரசர் அரேபியாவுக்கு ஒரு ஆய்வுக் குழுவை அனுப்பினார். அதில் லின்னேயசின் மாணவர் பீட்டர் போர்ஸ்கால் இருந்தார். அரபி கற்றுக்கொண்டு செங்கடல் கரையில் மீனவரிடம் பேசிப் பேசி மீன்களை எழுதினார். 1763-ல் ஏமனில் மலேரியாவில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 31. குழுவில் உயிரோடு ஊர் திரும்பியவர் கார்ஸ்டன் நீபூர் ஒருவர்தான். அவர் நண்பரின் குறிப்புகளை விடாமல் பாதுகாத்து 1775-ல் அச்சில் ஏற்றினார்.

போர்ஸ்கால் கலவாக்களுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள். லூட்டி, டவ்வினா, சும்மானா. எல்லாம் அரபு மீனவர் வாயில் இருந்த பெயர்கள்! மூன்றும் இன்றும் செல்லுபடியாகும் அறிவியல் பெயர்கள்.

இதில் 'லூட்டி' மிக அழகான மீன். கலவாவின் நெருங்கிய சொந்தமான வேரியோலா என்ற சின்னப் பேரினத்தைச் சேர்ந்தது. அந்தப் பேரினத்தில் மொத்தமே 2 இனங்கள்தான். பிறை போல வளைந்த வால், உடம்பெல்லாம் பொட்டு. 1839-ல் ஸ்வைன்சன் என்பவர் அந்தப் பொட்டுகளைப் பார்த்துத்தான் 'வேரியோலா' என்றார். லத்தீனில் அது பெரியம்மைக்கு உரிய சொல்! அழகான மீனுக்கு அம்மைப் பெயர். இரண்டாவது இனத்துக்கு 1953-ல்தான் பெயர் வந்தது. மஞ்சள் விளிம்பு வால் என்றால் லூட்டி, மெல்லிய வெள்ளை விளிம்பு என்றால் மற்றது. இந்தக் குட்டிக் குடும்பத்தில் ஒரு பாதி அரபு மீனவருடைய பெயரோடு உலகம் சுற்றுகிறது.

போர்ஸ்காலிடம் கேட்கும் காது இருந்தது, அச்சிலும் முந்திக்கொண்டார். நம் கரையில் ஜானுக்கும் ரஸ்ஸலுக்கும் கேட்கும் காது இருந்தது. ஆனால் பெயர் வைத்தவர்கள் வேறு ஆட்கள், வேறு ஊரில்.

பெயரில் என்ன இருக்கிறது?

"கலவாவை என்ன பெயர் சொன்னால் என்ன, ருசி ஒன்றுதானே?" என்று நண்பன் கேட்டான். முதலில் எனக்கும் பதில் தெரியவில்லை. யோசித்தபோது தோன்றியது இது.

1828-ல் விவரிக்கப்பட்ட அந்தப் புதுச்சேரி மீனைப் பிடித்தது யார்? ஏதோ ஒரு குப்பத்து மனிதர். எந்தப் பாரில், எந்தத் தூண்டிலில், எந்த மாதத்தில் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். வலான்சியனுக்கு முள் எண்ணிக்கை தெரியும், பார் தெரியாது. அந்த மனிதருக்குப் பார் தெரியும். ஆனால் ஏட்டில் ஏறியது ஒரு பாதி அறிவுதான்.

மறு பாதி இன்று ஏன் முக்கியம்? கலவா விசித்திரமான மீன். பெரும்பாலான கலவா இனங்கள் பெண்ணாகத்தான் வளரும். வயதாகிப் பெரிதான பிறகு சில ஆணாக மாறும். மெதுவாக வளரும், நெடுநாள் வாழும், ஒரே பாறையைச் சுற்றிக் கிடக்கும். ஆகவே பெரிய கலவாவாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டே போனால், அந்தப் பாரில் ஆண்களே குறைந்துபோகும். முட்டை இருந்தும் குஞ்சு இருக்காது. எந்தப் பாரில் முன்பு எவ்வளவு பெரிய கலவா கிடைத்தது, இப்போது எவ்வளவு என்பதைப் பாரிஸ் நூல் சொல்லாது. கரையில் உட்கார்ந்து வலை பின்னும் பெரியவர்தான் சொல்வார்.

அந்தக் கரையும் சுருங்கிக்கொண்டு வருகிறது. புதுச்சேரித் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் 1980-களின் கடைசியில் வந்த பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடுக்கப்பட்டது. வடக்கே உள்ள குப்பங்கள் மணற்பரப்பை இழந்தன. இப்போது பல இடங்களில் கருங்கல்தான் கொட்டிக் கிடக்கிறது. படகை ஏற்றி, வலையை விரித்து, மீனைக் கொட்டிப் பெயர் சொல்லிப் பிரிக்கும் இடம் அந்த மணல்தான். மணல் போனால் அந்தப் பேச்சும் போகும். மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் என்னைப் போலப் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறார்கள். போக வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் போகும்போது யாராவது எழுதி வைத்தார்களா?

ஒரு நாற்பது பக்க நோட்டு

அடுத்த வாரம் நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அதே அக்காவிடம் போனேன். "பரீட்சைக்கா கண்ணு?" என்று சிரித்தார். பிறகு பக்கத்தில் இருந்த தாத்தாவைக் கூப்பிட்டார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கலவா, பாறை, கத்தலை, நவரை, காரப்பொடி, சுதும்பு, காலா, கொடுவா... ஒரு மணி நேரத்தில் 34 பெயர். ஒவ்வொன்றுக்கும் எங்கே கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்று ஒரு வரி.

கடைசியில் அவர் கேட்டார்: "இத வெச்சி இன்னா பண்ணப் போற?"

பென்குவின் கதை நினைவுக்கு வந்தது. பார்க்காத ஊரைப் பற்றி எழுதியவரின் பொய்கூட அச்சில் ஏறியதால் இருநூறு ஆண்டுக்கு மேல் நிற்கிறது. பார்த்துப் பிடித்தவரின் உண்மை, எழுதாததால் காற்றோடு போயிற்று.

"எழுதி வெக்கப் போறேன் தாத்தா" என்றேன். "எழுது, எழுது" என்றார், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சொன்னராவின் பெயரை யாரும் மாற்றப் போவதில்லை, மாற்றவும் வேண்டாம். அது சட்டப்படி நிற்கிற பெயர். ஆனால் அதன் பக்கத்தில் 'சிவப்புக் கலவா, பாரில் கிடக்கும், புதுச்சேரிக் கரை' என்று நாமும் ஒரு வரி எழுதி வைக்கலாமே. உங்கள் ஊர்க் கரையில் இதற்கு வேறு பெயர் இருந்தால் அவசியம் சொல்லுங்கள். நோட்டில் இன்னும் நிறைய பக்கம் மிச்சம் இருக்கிறது.